பதினேழு இஞ்ச் காலர்

என் வியாதியை முதன்முதலில் கண்டுபிடித்தது ஒரு டெய்லர்.

மைத்துனர் மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தேன். முன்பு மதுரைப் புதுமண்டபத்துத் தூண் ஓரத்தில் மெஷின் போட்டிருந்தவர். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் அங்கே போய்விட்டார். இருபது வருடமாக என் அளவு அவர் நோட்டில் இருக்கிறது. கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டவர், நம்பாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"என்னண்ணே, எல்லாருக்கும் வயிறு ஏறும், இடுப்பு ஏறும். உங்களுக்குக் கழுத்துல்ல ஏறிக் கெடக்கு. பதினஞ்சரை இருந்துச்சு, இப்ப பதினேழு காட்டுது. மேல் பட்டனப் போட்டா மூச்சு முட்டும், பாத்துக்கங்க."

மூச்சு ஏற்கெனவே முட்டிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரியும்.

தெற்குமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். முகூர்த்த மாசம் வந்துவிட்டால் காலை ஒன்பதுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் எழுந்திருப்பது. அந்த நேரத்துக்கும் பரோட்டாக் கடை திறந்திருக்கும். நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட், ரெண்டு கரண்டி சால்னா, பன்னிரண்டு மணிக்குப் படுக்கை. இந்த ஊருக்குத் தூங்கா நகரம் என்று பெயர் வைத்தவர் கடைத்தெருவைப் பார்த்து வைத்திருக்கிறார், எங்கள் கணையத்தைக் கேட்டு வைக்கவில்லை.

சர்க்கரை நாற்பது வயதில் வந்தது. அப்பாவுக்கு இருந்தது, சித்தப்பாவுக்கு இருந்தது, அதனால் எனக்கு வந்தபோது வீட்டில் யாரும் அழவில்லை. ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் சேர்ந்த மாதிரிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன் என்று மாத்திரையை முழுங்கிக்கொண்டு ஆறு வருடம் ஓடிவிட்டது.

குறட்டை எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. குறட்டை விடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், நானும் சிரிப்பேன். சிரிக்காதவள் மனைவி ஒருத்திதான். ஒருநாள் காலை தோசை வைத்துவிட்டு, செல்போனைத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"சாப்பிட்டுக்கிட்டே பாருங்க."

இருட்டில் எடுத்த வீடியோ. ஃபேன் சத்தம். அதற்கு மேல் என் குறட்டை, காலால் மிதித்து ஓட்டுகிற பழைய ட்ரெடில் அச்சு மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே தாளத்தில் போகிறது. திடீரென்று பேப்பர் சிக்கிக்கொண்டாற்போல நிற்கிறது. வயிறு மட்டும் மேலும் கீழும் போகிறது, மூச்சு வருகிற சத்தம் இல்லை. மனைவி சன்னமாக எண்ணிக்கொண்டிருப்பது கேட்கிறது. "பதினெட்டு... பத்தொம்பது..." இருபத்தாறு, இருபத்தேழு. முப்பத்தொன்றில் ஒரு பெரிய செருமல், உடம்பு முழுக்க உதறிக்கொண்டு புரண்டு படுக்கிறேன். மறுபடியும் ட்ரெடில் ஓட ஆரம்பிக்கிறது.

தோசை ஆறிப்போயிற்று.

"நீங்க குறட்டை விடுறப்ப எனக்குப் பயமில்லைங்க. தூங்கிருவேன். அது நிக்கிறப்பத்தான் முழிச்சுக்கிறேன்" என்றாள். ரெண்டு வருடமாக இப்படி முழித்துக்கொண்டிருக்கிறாளாம். மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பாளாம்.

அந்தச் சமயத்தில் பகலில் என் நிலைமை வேறு மோசம். ப்ரூஃப் பார்க்கும்போதே கண் சொருகும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் கார்த்திகை 15 என்பது 25 என்று விழுந்து, நானூறு பத்திரிகை அச்சாகி, மடித்து, மஞ்சள் தடவிய பிறகு பெண் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். அவர் திட்டியதில் தப்பே இல்லை. இன்னொரு நாள் விரகனூர் ரிங் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போது ஒரு நொடி ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில் முழித்தேன். ராத்திரி மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பேன். அதைச் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிட்டேன். மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் உண்டாகிற இழுவிசையில் இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அதுவும் சிறுநீரைக் கூட்டும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் போன இடத்தில் டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தூக்கம் சரியில்லையா? எடையக் குறைங்க" என்று சொல்லி ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெயர் வேண்டாம், நல்ல கூட்டம் வருகிற இடம். தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிற இந்தக் கோளாறு, ஸ்லீப் அப்னியா என்பார்கள், இருக்கிறவனுக்குச் சில தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், மூச்சு நின்றால் முழித்துக்கொள்கிற அனிச்சையையும் மழுக்கிவிடும். நாலு நாள் போட்டேன். ஐந்தாம் நாள் மனைவி அந்த அட்டையைக் குப்பையில் போட்டாள். எண்ணுவது நாற்பதைத் தாண்டிவிட்டதாம்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மனைவியிடம் கேட்டார். எட்டுக் கேள்வி: குறட்டை சத்தமாக இருக்குமா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பி.பி. இருக்கா, உடல் பருமன், வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. கழுத்து என்றதும் நான் "பதினேழு இஞ்ச்" என்றேன், தயாராக வைத்திருந்த மாதிரி. டேப்பை எடுக்கப் போனவர் சிரித்துவிட்டார். ஐந்தோ அதற்கு மேலோ ஆமாம் என்று வந்தால் சந்தேகம் பலம். எனக்கு ஆறு.

பரிசோதனை வீட்டிலேயேதான். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப். காலையில் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்று ஒரு எண். பத்து நொடியாவது மூச்சு நிற்பதும், அரைகுறையாக அடைபடுவதும் மணிக்கு எத்தனை தடவை என்கிற கணக்கு அது. 5-க்குக் கீழே சாதாரணம். 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 34. ஏழு மணி நேரத் தூக்கத்தில் இருநூற்றுச் சொச்சம் தடவை யாரோ என் கழுத்தைப் பிடித்துவிட்டு விட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 76 வரை இறங்கியிருந்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வைத்து 94-க்குக் கீழே போனால் அலறினோமே, அந்த 94 நினைவுக்கு வந்தது.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். மூச்சு அடைபடுகிற ஒவ்வொரு தடவையும் உடம்பு அதை உயிர்ப் பிரச்சினையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது, கார்ட்டிசால் ஏறுகிறது, ஓடித் தப்பிக்க வேண்டியிருக்குமே என்று கல்லீரல் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. ஓடுவதற்குத்தான் யாரும் இல்லை, ஆள் மெத்தையில் கிடக்கிறான். இரவு எட்டு மணிக்கே இட்லி சாப்பிட்டுப் படுத்தாலும் காலையில் வெறும் வயிற்றில் 180 காட்டுகிற மர்மம் எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கிற்று. நான் மனைவியிடம் "ராத்திரி எதுவும் திங்கல" என்று சத்தியம் செய்திருக்கிறேன், அவள் நம்பியதில்லை.

அப்புறம் நானே தேடித் தேடிப் படித்தேன். 1999-இல் சிகாகோவில் திடகாத்திரமான பதினோரு இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டிருக்கிறார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை; சர்க்கரையைச் சமாளிக்கிற திறன் வயசாளிகளுக்கு இருப்பதுபோல இறங்கிவிட்டதாம். பதினோரு பேர் சின்னக் கூட்டம்தான், ஆனால் அதற்குப் பிறகுதான் தூக்கத்தையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் சூடு பிடித்தது. இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது. அமெரிக்காவில் உடல் பருமனும் சர்க்கரையும் சேர்ந்திருந்த 306 பேரைத் தூக்கப் பரிசோதனை செய்ததில், 2009-இல் வந்த கணக்கு, 86 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஓர் அளவில் இந்த மூச்சடைப்பு இருந்திருக்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல். நான் ஆறு வருடமாகச் சர்க்கரைக்குப் போய் வந்த இடங்களில் ஒருவர்கூட "குறட்டை விடுவீங்களா" என்று கேட்டதில்லை. காலைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், கிட்னிக்கு ரத்தம் எடுத்தார்கள். ராத்திரியைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

டாக்டர் ரெண்டு எழுதினார்: தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு மெஷின், அப்புறம் நடை. நான் மெஷினை ஒதுக்கிவிட்டு நடையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். மூஞ்சியில் முகமூடி மாட்டிக்கொண்டு படுக்க எவனுக்கு ஆசை? அதோடு விலை நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. வெள்ளன எழுந்து நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாரம் முயற்சி செய்தேன். அலாரம் அடிக்கும், அணைப்பேன். இருநூறு தடவை கழுத்து நெரிபட்டவனுக்கு அஞ்சு மணிக்குக் கால் தரையில் ஊன்றாது. அதைச் சோம்பேறித்தனம் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். தூங்காதவனை நடக்கச் சொல்வது கொடுமை என்று இப்போது எனக்குத் தெரியும். சர்க்கரை டாக்டர்கள், மாமனார், வாட்ஸாப்பில் வருகிற ஃபார்வர்ட் எல்லோரும் இந்தக் கொடுமையைத்தான் செய்கிறார்கள்.

எனவே மெஷின் முதலில் வந்தது, மாத வாடகைக்கு. சிபாப் என்பார்கள். அதில் மருந்தும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. அறையில் இருக்கிற காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்குக்குள் விட்டுக்கொண்டிருக்கும்; தொண்டை மடங்கி ஒட்டிக்கொள்ளாமல் அந்தக் காற்று முட்டுக் கொடுத்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர் 1981-இல் ஐந்து நோயாளிகளிடம் சோதித்து எழுதியது. ஆரம்பத்தில் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் ஒப்பேற்றினாராம். முதல் ராத்திரி மகன் என்னைப் பார்த்துச் சல்யூட் அடித்தான், போர் விமானம் ஓட்டுகிறவர் மாதிரி இருக்கிறதாம். ரெண்டு மணிக்குக் கழற்றி வீசினேன். மூன்றாம் ராத்திரி முழுசாகப் போட்டிருந்தேன். காலையில் எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம். ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போக எழுந்திருக்கவில்லை. தலையில் வழக்கமாக இருக்கும் பாரம் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு பஸ் ஏறியவன் மாதிரி.

மெஷின் போட்ட மூன்றாவது வாரம் நடக்கப் போனேன். அனுப்பானடியிலிருந்து தெப்பக்குளம் கூப்பிடு தூரம்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காலை ஐந்தரை மணிக்குப் பார்க்காதவர்கள் ஒருதரம் பார்க்க வேண்டும். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி; கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே ஆகும். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது காய்ந்து கிடக்கும், உள்ளே இறங்கி ஒரே நேரத்தில் ஏழெட்டு டீம் கிரிக்கெட் ஆடுவோம். இப்போது தண்ணீர் நிற்கிறது, மைய மண்டபம் தலைகீழாகத் தெரிகிறது. சுற்றிலும் சர்க்கரைக்காரர்கள். பார்த்தாலே தெரியும்; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டாக்டர் கைகாட்டி அனுப்பிய வேகத்தில் போவார்கள். நடந்து முடித்தவுடன் பருத்திப்பால் வண்டியில் நின்று, கருப்பட்டி போட்டது ஒரு டம்ளர், கூட ஒரு வடை. நானும் முதல் பத்து நாள் அதைச் செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கச்சிதான் எனக்கு வழிமுறை சொல்லிக் கொடுத்தது. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். கூடவே ரெண்டு நாள் தசைக்கு வேலை. "தோப்புக்கரணம் போடத் தெரியுமாண்ணே?" என்று கேட்டது. பிள்ளையாருக்குப் போட்டிருக்கிறேன் என்றேன். "அதேதான். பிள்ளையாரு முன்னாடி பன்னெண்டு, ரெண்டு நிமிசம் நில்லுங்க, இன்னொரு பன்னெண்டு." குதிகாலைத் தூக்கி நிற்பது, சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. ஜிம் எதுவும் தேவைப்படவில்லை.

தசை சுருங்கும்போது ரத்தத்துச் சர்க்கரையை இன்சுலினை எதிர்பார்க்காமலே உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் முன்வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கும்போது, வேலை செய்கிற தசை கொல்லை வாசலைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடப்பதற்குத் தனி மரியாதை. வயதானவர்களை வைத்து 2013-இல் செய்த ஒரு சிறிய ஆய்வில் மூன்று வேளையும் சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடக்கவிட்டிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கட்டிப்போட அதுதான் நன்றாக உதவியிருக்கிறது. நானும் மனைவியும் எங்கள் தெருவை நாலு தடவை அங்கிட்டும் இங்கிட்டும் நடக்க ஆரம்பித்தோம். படுக்கப் போகும் முன் உடற்பயிற்சி கூடாது என்பார்களே என்று சந்தேகம் வந்தது. மூச்சிரைக்க ஓடுவதைத்தான் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும், மெதுநடைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள்.

ஒருநாள் ஐந்தாவது சுற்றில் கை நடுங்கிக் குப்பென்று வியர்த்துவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது, நான் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று அப்படிச் செய்யக்கூடியதாம். பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வைத்திருந்தேன், தின்றேன், சரியாக ரொம்ப நேரம் பிடித்தது. டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "கடலைல எண்ணெய் இருக்குய்யா, சர்க்கரை பைய பையத்தான் ஏறும். குளுக்கோஸ் வச்சுக்க" என்றார். மாத்திரையின் அளவையும் குறைத்தார். இப்படி ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று ஓட ஆரம்பிக்க வேண்டாம்.

நாலு மாதம் ஆயிற்று. எடை பார்த்தேன். 93 இருந்தது, 91.4.

ஒன்றரைக் கிலோ. நாலு மாதம், அறுபது எழுபது விடியல், நாய்க்கடிக்குத் தப்பியது, கத்திரி வெயில், பருத்திப்பாலைத் துறந்தது, எல்லாவற்றுக்கும் ஒன்றரைக் கிலோ. அண்ணாநகரில் இருக்கிற என் சகலை இதே இடத்தில்தான் விட்டுவிட்டார். "ஒரு மாசம் நடந்தேன்யா, முள்ளு அசையவே இல்ல" என்பார். நானும் விட்டிருப்பேன். வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்க்க இன்னொரு தூக்கப் பரிசோதனை எடுத்தோம், மெஷின் போடாமல்.

24.

முப்பத்து நாலிலிருந்து இருபத்து நாலு. கழுத்து அரை இஞ்ச்தான் இறங்கியிருந்தது. டாக்டர் ஆச்சரியப்படவில்லை. 2011-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் செய்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். குண்டாக, உட்கார்ந்தே இருக்கிற 43 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு வாரம் வாரம் 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் ரெண்டு நாள் தசைப் பயிற்சியும், மற்றப் பிரிவுக்கு வெறும் நெட்டி முறிக்கிற பயிற்சி. முதல் பிரிவில் மணிக்கு 32 இருந்த மூச்சடைப்பு 25-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. எடையில் சொல்லும்படி மாற்றம் இல்லை. என் ரிப்போர்ட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

எடை குறையாமல் மூச்சு எப்படித் திறக்கும்? எனக்குக் கிடைத்த விளக்கங்களில் எனக்குப் பிடித்தது சாக்ஸ் தடம்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கால்களில் நீர் இறங்கித் தேங்கும். ராத்திரி சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டினாற்போல ஒரு பள்ளம் விழுமே, அதுதான். படுத்தவுடன் அந்த நீர் கால்களிலேயே நிற்பதில்லை. சமமாகப் பரவி, கழுத்துப் பக்கமும் வந்து சேர்கிறது. ஏற்கெனவே குறுகலான தொண்டையைச் சுற்றியிருக்கிற சதை இன்னும் உப்பிக்கொள்கிறது. டொரோண்டோவில் 2009 வாக்கில் குண்டாக இல்லாத ஆண்களிடமே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்: ராத்திரி காலிலிருந்து எவ்வளவு நீர் மேலே போகிறதோ, கழுத்து அவ்வளவு பெருக்கிறது, மூச்சடைப்பும் அவ்வளவு கூடுகிறது. கெண்டைக்கால் தசை வேலை செய்தால் அது நீரை அப்போதைக்கப்போதே மேலே தள்ளிவிடும். அச்சகத்தில் ப்ரூஃப் எடுக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நின்று அரை மணிக்கு ஒருதரம் முப்பது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். பையன்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தால் சாக்ஸ் தடம் முன்னைப்போல் ஆழம் இல்லை, ரப்பரின் நெளிவு மட்டும் லேசாகத் தெரிகிறது. எடை மெஷினைவிட நான் அந்தத் தடத்தைத்தான் தினமும் பார்க்கிறேன். ஜவுளிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே துணி விரிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர்கள் கால்தான் இப்போது என் கண்ணில் படுகிறது.

இதற்காக எடை முக்கியமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரையும் மூச்சடைப்பும் உள்ள 264 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் சேர்ந்து வருடத்தில் பதினோரு கிலோ அளவுக்குக் குறைத்தவர்களில் 13.6 சதவீதம் பேருக்கு மூச்சடைப்பு அறவே போயிருக்கிறது. சும்மா அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 3.5 சதவீதம். அதே ஆட்களை நாலு வருடம் கழித்துப் பார்த்தபோது குறைத்த எடையில் ஏறக்குறைய பாதி திரும்பி வந்துவிட்டிருந்தது, ஆனால் மூச்சடைப்பில் கிடைத்த பலன் அப்படித் திரும்பிப் போகவில்லை. அந்த வரியைத்தான் சகலைக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார். டிர்செபடைட் என்கிற எடை குறைப்பு ஊசிக்கு, உடல் பருமனோடு இந்த மூச்சடைப்பும் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது வாஸ்தவம். போடட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், ஊசி போட்டாலும் தோப்புக்கரணத்திலிருந்து தப்ப முடியாது.

மெஷினை மட்டும் நம்பினாலும் போதாது. மெஷின் போட்டால் பகல் அசதி தீர்கிறது. சர்க்கரை குறையுமா என்பதில் ஆய்வுகள் முன்னுக்குப்பின் பேசுகின்றன. என் விஷயத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 8.9-லிருந்து 7.4-க்கு வந்தது, அதில் மெஷினுக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, பரோட்டாவைக் குறைத்ததற்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க நான் தயாரில்லை. 24-ம் சும்மா விடக்கூடிய எண் இல்லை. மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சொந்தமாக வாங்கிவிட்டேன்.

நடுவில் ஒரு வேடிக்கை. எங்கள் கடைக்கு விசிட்டிங் கார்டு அடிக்க ஒரு நாதஸ்வர வித்வான் வருவார், அறுபது வயதிருக்கும், நல்ல கனமான உடம்பு. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "எனக்குக் குறட்டையே கிடையாதே தம்பி, வேணும்னா வீட்ல கேட்டுப் பாரும்" என்றார். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் ஊதுகிற டிஜெரிடூ என்ற நீளக் குழலை நாலு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சடைப்பு குறைந்ததாக 2006-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது; அதற்கு 2017-இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். வாயில் வைக்கிற இடத்தில் இரட்டை நாக்குச் சீவாளி செருகி ஊதுகிற மேல்நாட்டு வாத்தியக்காரர்களுக்கு இந்தக் கோளாறு வரும் அபாயம் குறைவு என்றும் ஒரு ஆய்வு உண்டு. நாதஸ்வரமும் சீவாளி வாத்தியம்தானே என்று சொன்னேன். ஒருநாள் ஊதிப் பார்க்கக் கொடுத்தார். என்னிடமிருந்து வந்த சத்தத்துக்கு என் குறட்டையே தேவலை.

இந்த மார்கழியில் ஒரு ராத்திரி. சாப்பிட்டு, தெருவில் நாலு நடை நடந்து, மெஷினைப் போட்டுப் படுத்து, மூன்று மணிக்கு ஏனோ முழித்துவிட்டேன். மெஷின் சன்னமாக ஊதிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு ரேடியோவில் மார்கழிப் பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் குறட்டை. என் மாதிரி ட்ரெடில் சத்தம் இல்லை, யாரோ காகிதத்தை மெல்லக் கசக்குவது போல. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அவள் குறட்டையை நான் கேட்டதே இல்லை. நான்தான் அவளுக்கு முன்னால் தூங்கி, அவளுக்குப் பின்னால் எழுந்திருக்கிறவன் ஆயிற்றே.

குறட்டை நின்றது.

நான் எண்ண ஆரம்பித்தேன். பதினாலில் மூச்சு வந்தது. அடுத்தது பதினேழு. முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது வருவது கூடும். அவர்கள் குறட்டையைச் சொல்ல மாட்டார்கள், அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்பார்கள், அதனால் டாக்டர்களும் வேறு எதையாவது எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் மனைவி ரெண்டு வருடமாக அசதி என்கிறாள். என்னை எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டதில் வந்தது என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

காலையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனை நிறுத்தினேன்.

"இது நான் இல்லைங்க" என்றாள்.

"பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரம்மாவா?"

ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாள். தோசைக்கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். "எனக்கு அந்த மூஞ்சிமூடி எல்லாம் வேணாம். நாளையிலருந்து நானும் தெப்பக்குளத்துக்கு வாரேன்."

முதலில் டெஸ்ட், பிறகு நடை என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை பெல்ட்டும் கிளிப்பும் கொண்டுவருகிறார்கள். அதற்கு முன்னாடி என்னுடைய இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தைத் தானே அளந்துகொண்டிருக்கிறாள், தாலிச் சங்கிலிக்கு மேலேயா கீழேயா என்று கேட்டுக்கொண்டு.